ஆச்சியின் காதும் 1536 பிக்சலும்

அத்தை கேட்டது சின்ன உதவிதான். 1992 பிப்ரவரியில் அம்பாசமுத்திரம் வீட்டில் நடந்த அவருடைய வளைகாப்புப் படங்களில் ஒன்றைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துத் தர வேண்டும். படத்தில் அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு ஆச்சி குனிந்து நிற்கிறார். பின்னால் தாத்தா, பெண்கள் கூட்டத்துக்குள் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர்போல, வேட்டியும் துண்டுமாக. “என் முகம் எப்படி வந்தாலும் பரவாயில்லை. உன் ஆச்சி முகம் தெளிவாக இருக்க வேண்டும்” என்றார். ஒரு வாரத்தில் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

கையில் இருந்தது ஒரு சிடி. ஆல்பத்துப் படங்கள் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகமே உரிந்து வரும் நிலைக்குப் போன பிறகு, 2005-இல் மாமா நெகட்டிவ்களைத் திருநெல்வேலியில் ஒரு கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கியது. 41 படங்கள். ஒவ்வொன்றும் 1536-க்கு 1024 பிக்சல், 300 முதல் 400 கிலோபைட் ஜேபெக். அவற்றில் இரண்டு கோப்புகள் திறக்கவே மறுத்தன. கெட்டுப்போன வட்டுகளை விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டதில் ஒன்று மீண்டது. மற்றொன்று போனது போனதுதான். நல்ல வேளையாக அது சாப்பாட்டுப் பந்திப் படம்.

முதலில் கணக்குப் போட்டேன். 1536 பிக்சலைப் பதினெட்டு அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 85 பிக்சல். கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு 250, 300 வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 இருந்தாலும் சமாளிக்கலாம். 85 என்றால் திண்டாட்டம். ஆச்சியின் முகத்தை மட்டும் அளந்து பார்த்தேன். நெற்றியிலிருந்து தாடை வரை 60 பிக்சல். கண் என்று நாம் நினைப்பது ஆறு பிக்சல் அகலக் கறுப்புக் கறை.

படத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாக் குறையும் ஒரே சேறாகத்தான் தெரியும். அதில் எது ஃபிலிமின் குறை, எது ஸ்கேனரின் குறை, எது ஜேபெக் செய்த வேலை என்று பிரிக்காமல் கை வைக்கக் கூடாது என்பது முன்பு ஒருமுறை சூடு பட்டுக் கற்றது. இந்த முறை ஒரு வேலை செய்தேன். படுக்கைவாட்டில் எடுத்த 31 படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தேன். ஆட்கள், சுவர், நாற்காலி எல்லாம் கலைந்து சாம்பல் மூட்டமாகிவிட்டன. கலையாமல் நின்றது ஒரே ஒரு கோடு. 612-ஆவது வரிசையில், இடமிருந்து வலம் நூல் பிடித்ததுபோல, படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனல்களில் சிவப்பில் மட்டும். கடைக்காரரின் ஸ்கேனரில் ஏதோ தூசி சிவப்பு உணர்வியின் ஒரு புள்ளியை மறைத்திருக்கிறது. ஃபிலிம் அதைக் கடந்து நீளவாக்கில் ஓடும்போது புள்ளி கோடாகிவிட்டது. 41 படங்களிலும் ஒவ்வொருவர் கன்னத்திலோ மார்பிலோ ஓடிய அந்த மெல்லிய கோட்டை இத்தனை வருடமும் ஃபிலிம் கீறல் என்றே நினைத்திருந்தோம்.

ஃபிலிம் கீறலும் அதே திசையில்தான் ஓடும். ரோல் டப்பாவின் வாயில் இருக்கும் வெல்வெட் துணியில் ஒரு மணல் சிக்கினால் போதும், ரோல் முழுக்க இழுத்துவிடும். ஆனால் கீறல் கொஞ்சம் நெளியும், தடிமன் மாறும், மூன்று நிறங்களையும் தொடும். அடிப்பக்கத்தில் விழுந்த கீறலும் மேலே உட்கார்ந்த தூசியும் ஒளியை மறைப்பதால், படத்தில் வெள்ளையாகத் தெரியும். மருந்துப் பூச்சையே சுரண்டிவிட்ட கீறல் கறுப்பாகத் தெரியும். இந்தப் படத்தில் வெள்ளையும் இருந்தது, கறுப்பும் இருந்தது.

612-ஐச் சரிசெய்வது சுலபம் என்று நினைத்தேன். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டின் சராசரியை அங்கே நிரப்பினால் ஆயிற்று. பைத்தான் மொழியில் நான்கு வரி நிரல். ஓட்டிப் பார்த்தால் கோடு போய்விட்டது, ஆனால் அந்த இடத்தில் ஒரு பட்டை நிழலாக நின்றது. சற்று யோசித்த பிறகுதான் பிடிபட்டது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. 612 இருப்பது 608 முதல் 615 வரையுள்ள கட்டத்தில். கோடு விழுந்த பிறகுதானே சுருக்கினார்கள்? அதனால் கறை கட்டம் முழுக்கக் கசிந்திருக்கிறது. எட்டு வரிசைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பைத் திருத்த வேண்டியிருந்தது.

நிறத்தில் ஜேபெக் இன்னும் கஞ்சத்தனம் காட்டும். வெளிச்சத்தை முழு அளவிலும், நிறத்தைப் பெரும்பாலும் பாதி அளவிலும்தான் சேமிக்கும். இதில் நமக்கு ஒரு சலுகை உண்டு. கிம்ப் மென்பொருளில் படத்தை முதலில் 16 பிட்டுக்கு மாற்றிக்கொண்டு, வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும் லேப் (LAB) முறையில் பிரித்தால் வெளிச்சம் ஒரு லேயர், நிறம் இரண்டு லேயர் என்று வந்துவிடும். நிற லேயர்கள் இரண்டையும் மூன்று பிக்சல் அளவுக்கு மங்கலாக்கினேன். அங்கே இழப்பதற்கு நுணுக்கம் எதுவும் கிடையாது. ஆச்சியின் கன்னத்தில் பச்சையும் ஊதாவுமாகச் சிதறிக் கிடந்த பொடி அடங்கிவிட்டது. வெளிச்ச லேயரைத் தொடவில்லை. மங்கலாக்குகிறேன் என்று முழுப் படத்தையும் மெழுகுபோல ஆக்கிவிடுவதுதான் இந்த வேலையில் முதல் வாரத்துக்காரர்கள் எல்லாரும் செய்யும் பிழை. நானும் செய்திருக்கிறேன்.

படத்தின் வலது மூலையில் ஆரஞ்சு எழுத்தில் 92 2 9 என்று தேதி இருக்கிறது. மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த கேமரா, தேதி போடும் வகை. பலரும் முதல் வேலையாக இதை அழித்துவிடுவார்கள். எனக்கு அது அளவுகோலாக உதவியது. அந்த எண்கள் லென்ஸ் வழியாக வந்தவை அல்ல. கேமராவுக்குள் இருக்கும் சின்ன விளக்கு நேராக ஃபிலிமில் சுட்டவை. லென்ஸ் மங்கலாக இருந்தாலும், எடுத்தவர் கை ஆடியிருந்தாலும் எண்கள் கூர்மையாகத்தான் இருக்கும். சிடி படத்தில் அந்த எண்களைச் சுற்றி ஒரு கறுப்புக் கரையும், அதைச் சுற்றி வெளிர் கரையும் இருந்தன. அதாவது கடையில் ஸ்கேன் செய்தபோதே இயந்திரம் வலுக்கட்டாயமாகக் கூர்மையாக்கியிருக்கிறது. தாத்தாவின் தலையைச் சுற்றித் தெரிந்த ஒளிவட்டத்துக்கும் இதுவே காரணம். படத்தின் நகல் ஒன்றை மங்கலாக்கி, ‘இருண்டது மட்டும்’ என்ற கலப்பு முறையில் மேலே வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் திருத்தம் படும்படி மற்றதை மறைக்கும் மாஸ்க் போட்டு, விளிம்புகளில் மட்டும் தடவினேன். தாத்தா சாமி நிலையிலிருந்து மனித நிலைக்குத் திரும்பினார்.

அடுத்தது நிறம். இங்கேதான் நன்றாக வழுக்கி விழுந்தேன்.

வளைகாப்பு நடந்த கூடத்தில் டியூப்லைட். கேமராவில் ஃபிளாஷ். ஃபிளாஷ் வெளிச்சம் பகல் வெளிச்சத்தை ஒத்தது. தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால் முன்னால் இருந்த அத்தை மேல் ஃபிளாஷ் ராஜ்யம், பின்சுவரில் டியூப்லைட் ராஜ்யம். டியூப்லைட்டுக்குள் இருக்கும் பாதரச ஆவி 546 நானோமீட்டரில் ஒரு பச்சைக் கோட்டை வலுவாக வீசும். கண் அதைப் பொருட்படுத்தாமல் பழகிக்கொள்ளும். பகல் வெளிச்சத்துக்குத் தயாரித்த ஃபிலிமுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. சுவர் பாசி பிடித்த குளத்துப் படிபோல இருந்தது. முழுப் படத்திலும் பச்சையைக் குறைத்தால் அத்தையின் முகம் ஊதாவாகிறது. ஆகவே சுவருக்குத் தனி மாஸ்க், ஆட்களுக்குத் தனி மாஸ்க். தலைமுடி ஓரங்களில் இரண்டும் கலக்கும் இடத்தை மட்டும் கையால் தீட்டினேன். ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

சுவர் முடிந்ததும் ஆட்களுக்கு வெண்மை பார்க்க ஏதாவது வெள்ளைப் பொருள் வேண்டும். தாத்தாவின் வேட்டியைவிட வெள்ளை எது? லெவல்ஸ் கருவியில் வெண்புள்ளி எடுக்கும் குழாயை வேட்டியின் நிழல் விழுந்த ஒரு மடிப்பில் வைத்து அழுத்தினேன். படம் முழுக்க மஞ்சளாகியது. ஆச்சியின் முகம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஆச்சி உண்மையிலேயே தினமும் மஞ்சள் பூசித்தான் குளிப்பார். அதனால் சரியாகத்தான் வந்திருக்கிறது என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்த அத்தை, “என் புடவை ஏன் செங்கல் மாதிரி இருக்கிறது? அது வெங்காயச் சருகு நிறம்” என்றார். அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்து வேட்டி வெள்ளை அல்ல. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி. ஆச்சி தாராளமாகவே விடுவார். நீலம் கலந்த ஒன்றை வெள்ளை என்று சொன்னால், மென்பொருள் அந்த நீலத்தைக் கழிக்க எல்லாவற்றிலும் மஞ்சளை ஏற்றும். கூடத்துச் சுவரை நம்பலாமா என்றால், சுண்ணாம்பிலும் நீலம் கலந்துதான் அடிப்பார்கள். நம் வீட்டுப் பழைய படங்களில் வெள்ளையாகத் தெரிகிற எதையும் வெள்ளை என்று நம்பிவிடாதீர்கள்.

“அந்தப் புடவை இன்னும் இருக்கிறதா, அத்தை?” என்று கேட்டேன். “ட்ரங்குப் பெட்டியில் இருக்கும். வந்து எடுத்துக்கொள்” என்றார்.

அடுத்த ஞாயிறுதான் ஊருக்குப் போக முடிந்தது. இடையில் சும்மா இருக்காமல், முகங்களைத் திருத்தித் தரும் இலவச நிரல் ஒன்றில் ஆச்சியைக் கொடுத்துப் பார்த்தேன். நாற்பது வினாடியில் அறுபது பிக்சல் முகத்தை ஐந்நூறு பிக்சலாக்கித் தந்தது. இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக. முதல் பார்வையில் எனக்குப் புல்லரித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது பார்வையில் யாரோ ஒரு பெரியம்மா தெரிந்தார். எங்கள் குடும்பத்து ஜாடைதான், ஆனால் எங்கள் வீட்டில் பிறந்தவர் இல்லை. மூன்றாவதாகக் காதைப் பார்த்தேன்.

ஆச்சி பாம்படம் என்ற கனத்த தங்கக் காதணி போட்டவர். எங்கள் பக்கத்துப் பழைய மனுஷிகளுக்கு இருந்ததுபோல, காது வளர்த்து, காதின் கீழ்நுனியான சோணை தோள்பட்டையைத் தொடும் அளவுக்குத் தொங்கும். சிடி படத்தில் அது ஒரு மங்கலான வளையமும் அதன் அடியில் மஞ்சள் கட்டியுமாக இருந்தது. நிரல் அந்த வளையத்தைக் குறை என்று நினைத்துவிட்டது. சோணையைச் சுருட்டி, சின்னதாக, லட்சணமாக ஒரு காது வைத்து, கீழே தொங்கிய தங்கத்தைப் புடவை மடிப்பாக மாற்றிவிட்டது. இரண்டு பக்க மூக்குத்தியில் ஒன்றைக் காணவில்லை. இப்படிப்பட்ட நிரல்கள் பலவும் பயின்றது ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள் கொண்ட தொகுப்பில். அதில் பாம்படக் காது எத்தனை இருந்திருக்கும்? அது எந்தக் காதை அதிகம் பார்த்ததோ அந்தக் காதை ஒட்டியிருக்கிறது. அந்தக் கோப்பை அத்தை கண்ணில் படுவதற்கு முன் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். ரசகற்பூர உருண்டை வாடை. வெங்காயச் சருகு நிறப் புடவை ஒரு பழைய மல் துணியில் சுற்றி இருந்தது. அத்தை அதை வெளியே எடுத்ததும், அடியில் விரித்திருந்த செய்தித்தாளும் கூடவே வந்தது. அதற்குக் கீழே ஒரு காகித உறை. உறைக்குள் நெகட்டிவ்.

மூன்று வாரம் ஜேபெக் கட்டங்களோடு மல்லுக்கு நின்றவனுக்கு அந்த நிமிடம் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “இது இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே அத்தை” என்றேன். “நீ புடவையைத்தானே கேட்டாய்?” என்றார். நியாயம்தான். எந்தப் பழைய படத்தையும் திருத்த உட்காருவதற்கு முன், வீட்டில் இருக்கும் எல்லாப் பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு ரோலில் ஒன்றுதான் உறையில் இருந்தது. நான்கு நான்கு படமாக வெட்டிய ஆறு துண்டுகள். விளிம்பில் கோடாக் கோல்டு 100 என்ற எழுத்தும் படங்களின் எண்களும். அத்தைக்கு வேண்டிய படம் 17. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தின்மேல், மூலையிலிருந்து நடுவை நோக்கி, வெட்டிவேர்க் கொத்தை விரித்ததுபோல ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சை.

நெகட்டிவில் மருந்தைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். பூஞ்சைக்கு அது விருந்து. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் தன்மைக்கு வந்துவிடும். அழுக்காக இருக்கிறதே என்று ஈரத் துணியால் துடைத்தால் படம் துணியோடு வந்துவிடும். ரப்பர் பம்பால் காற்றை ஊதித் தூசியை மட்டும் விரட்டினேன். தண்ணீர் கலக்காத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ரோலின் கடைசியில் படமே இல்லாத வெற்று இடத்தில் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். பளபளப்பான அடிப்பக்கத்தில் இருந்த பிசுக்கு போயிற்று. மருந்துப் பக்கத்தில் வேர் அப்படியே இருந்தது. அதோடு நிறுத்தினேன். உறையை மாற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்து எடுத்து வந்தேன்.

என்னிடம் ஃபிலிம் ஸ்கேனர் கிடையாது. சமதள ஸ்கேனர்களின் பெட்டியில் அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று போட்டிருந்தாலும் உண்மையில் கிடைக்கும் நுணுக்கம் அதில் பாதிகூட இருக்காது. 24 மெகாபிக்சல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் இருந்தன. கேமராவால் நெகட்டிவைப் படம் எடுப்பதே மேல் என்று முடிவு செய்தேன்.

வெளிச்சத்துக்கு டேப்லெட் திரையில் வெள்ளைப் பக்கம். திரைமேல் ஃபிலிமை நேராக வைத்தால் திரையின் பிக்சலும் சேர்ந்து படமாகும். அதனால் நான்கு அங்குலம் உயர்த்தி, நடுவில் பால் வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றைக் கொடுத்தேன். கறுப்பு அட்டையில் ஃபிலிம் அளவுக்குத் துளை வெட்டி மற்ற வெளிச்சத்தை மறைத்தேன். இதில் உயிர்நாடி, கேமராவும் ஃபிலிமும் துல்லியமாக இணையாக இருப்பது. மேக்ரோ தூரத்தில் குவியம் தாங்கும் ஆழம் மில்லிமீட்டர் கணக்கு. கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு மூலை மங்கிவிடும். அதற்கு நீர்மட்டத்தைவிட நல்ல கருவி முகம் பார்க்கும் கண்ணாடி. ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கண்ணாடியை வைத்துக் கேமரா வழியாகப் பார்த்தேன். லென்ஸ் தன்னையே பார்த்துக்கொண்டது. லென்ஸின் நடுக்கறுப்பு சட்டத்தின் நட்ட நடுவில் வரும்வரை முக்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். அரை மணி நேரம் ஆயிற்று, ஆனால் ஆறு துண்டுக்கும் அது போதும்.

எஃப் 8, ஐஎஸ்ஓ 100, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு. டைமரில் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். மின்விசிறியை நிறுத்த மறந்ததால் முதல் நான்கு படமும் ஆட்டம் கண்டன.

நெகட்டிவைப் பாசிட்டிவாக்க ராதெரபி என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. இரண்டு படங்களுக்கு இடையில் உள்ள வெற்று ஃபிலிம் தெரியும்படி எடுத்திருந்ததால், கலர் நெகட்டிவ் முழுக்கப் படிந்திருக்கும் ஆரஞ்சு நிறத்தின் அளவை அங்கிருந்தே எடுத்துக் கழிக்க முடிந்தது. படம் புரண்டு வந்தது.

முதலில் கண்ணில் பட்டது ஆச்சி அல்ல, தாத்தாவின் வேட்டி. சிடியில், நிழல் விழுந்த ஒன்றிரண்டு இடம் தவிர, அது வெறும் வெள்ளைத் தாள். எண்ணிப் பார்த்தால் 255, 255, 255. இங்கே எல்லா மடிப்பும் இருக்கிறது, கரை இருக்கிறது, முழங்காலுக்கு மேல் ஏதோ சிந்திய கறைகூட இருக்கிறது. கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தை லேசில் விடாது. அடர்த்தியாக எழுதி வைத்துக்கொள்ளும். சிடிக்குப் போகும் வழியில்தான் அது தொலைந்திருக்கிறது. அடுத்தது, படத்தின் வலது ஓரத்தில் கண்ணாடி வளையல் அடுக்கிய ஒரு கை. கடைகளில் இருக்கும் மினிலேப் இயந்திரத்தின் ஸ்கேனில் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். அந்தக் கை இவ்வளவு காலமும் வெட்டுக்கு வெளியே இருந்திருக்கிறது. யாருடையது என்று அத்தையாலும் சொல்ல முடியவில்லை.

ஆச்சியின் முகம் இப்போது 230 பிக்சலுக்கு மேல். கண்ணுக்குள் கண். இரண்டு மூக்குத்தியும் ஃபிளாஷில் மின்னுகின்றன. காதுச்சோணை தெரிகிறது, பாம்படத்தின் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. ஆனால் அதன் குறுக்கே பூஞ்சை வேரின் ஒரு கிளை. கன்னத்திலிருந்து இறங்கி, சோணையைக் கடந்து, பாம்படத்துக்குள் நுழைகிறது. எது தங்கத்தின் விளிம்பு, எது வேர் என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் வெளிர்.

இங்கே இரண்டு நாள் நின்றுவிட்டேன். பக்கத்துப் பிக்சலை எடுத்து ஒட்டும் கருவியால் கன்னத்தைச் சரிசெய்யலாம், கன்னம் எங்கும் கன்னம்தான். பாம்படத்துக்கு நான் எதை எடுத்து ஒட்டுவது? என் ஊகத்தை ஒட்டினால் எனக்கும் அந்த நிரலுக்கும் என்ன வித்தியாசம்?

வழி சிடியில் இருந்தது. 2005-இல் ஸ்கேன் செய்தபோது பூஞ்சை இந்த இடத்துக்கு வரவில்லை. மங்கலாக, கட்டம் கட்டமாக இருந்தாலும் அந்தப் படத்தில் பாம்படம் முழுதாக இருந்தது. அதிலும் 612-ஆவது கோட்டை எடுத்து, நிறப் பொடியை அடக்கி, ஒளிவட்டத்தைத் தணித்து மூன்று வாரம் சுத்தம் செய்து வைத்திருந்த படம். அதை நான்கு மடங்கு பெரிதாக்கி, ஹுகின் மென்பொருளோடு வரும் கருவியால் புதிய ஸ்கேன்மேல் பொருத்தினேன்.

பிறகு கிம்பில் வேவ்லெட் பிரிப்பு. இது ஒரு படத்தை ஐந்து அடுக்காகப் பிரித்துத் தரும். முதல் அடுக்கில் மணல் போன்ற ஃபிலிம் துகள் மட்டும், அடுத்ததில் முடியும் நூலும், அதற்கடுத்ததில் சுருக்கங்கள் என்று போய், கடைசியில் எஞ்சுவது பெரிய நிழலும் வெளிச்சமும். எல்லாம் சேர்ந்தால் மறுபடியும் பழைய படம். புதிய ஸ்கேனையும் பழைய சிடி படத்தையும் இப்படிப் பிரித்தேன். வேர் ஓடும் பாதையை மட்டும் மாஸ்க்காக வரைந்து, அந்தப் பாதைக்குள் பெரிய அடுக்குகளைச் சிடியிலிருந்து கொடுத்தேன். தங்கம் எங்கே முடிகிறது, சோணை எங்கே வளைகிறது என்பதற்குச் சிடியே சாட்சி. நுண் அடுக்குகளில், வேர் தொடாத பக்கத்து இடத்திலிருந்து துகளை மட்டும் எடுத்து நிரப்பினேன். துகள் யாருடைய முகத்தையும் மாற்றாது. அது இல்லாவிட்டால்தான் திருத்திய இடம் எண்ணெய் தடவியதுபோலக் காட்டிக்கொடுக்கும்.

ஃபிலிமில் நான்கு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அந்த வேருக்கு மூன்று மாலைகள். முடிவில் சோணையின் கீழ்ப்பகுதியில் சின்னதாக ஒரு மங்கல் நிற்கிறது. சிடியில் அவ்வளவுதான் தகவல். அதை அப்படியே விட்டேன்.

நிறத்துக்குப் புடவை உதவியது. முப்பது வருடத்தில் புடவையும் மங்கியிருக்கும் அல்லவா? மேல் மடிப்பு மங்கித்தான் இருந்தது. வெளிச்சம் படாத உள்மடிப்பை விரித்து, பக்கத்தில் சாம்பல் அட்டை வைத்து, அன்றைக்கு எடுத்ததுபோலவே கேமராவின் ஃபிளாஷை நேராக அடித்துப் படம் எடுத்தேன். நிழலில் எடுத்தால் பட்டு வேறு நிறம் காட்டும். அந்த வெங்காயச் சருகு நிறத்தை இலக்காக வைத்துச் சிவப்பு, நீலக் கோடுகளை நகர்த்தினேன். புடவை சரியானதும் ஆச்சியின் முகத்தில் மஞ்சள் பாதியாகக் குறைந்து, நெற்றிக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் தெரிந்தது. மிச்சம் நின்ற மஞ்சள் ஆச்சியுடையது. தாத்தாவின் வேட்டி லேசான நீலத்தில் நிற்கிறது. அதை வெள்ளையாக்கச் சொல்லி பிரிண்ட் கடைப் பையன் கேட்டான். வேண்டாம் என்றேன்.

பிரிண்டுக்கு முன் ஒரு சிக்கனம்: முகங்கள் வரும் பகுதியை மட்டும் உண்மையான அளவிலேயே வெட்டி, நாலுக்கு ஆறு தாளில் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். திரையில் எனக்குப் பிடித்த கூர்மை தாளில் கரகரத்தது. ஒரு படி குறைத்தேன். மினுமினுப்புத் தாள் வேண்டாம், மேட் தாள். கூடத்து ஜன்னலுக்கு எதிரே மாட்டப் போகிறார்கள். தேதி மூலையில் அப்படியே இருக்கிறது.

சட்டம் அடித்த படத்தை வாங்கிய அத்தை, கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். “அம்மாவின் இடது பக்கப் பாம்படத்தில் ஒரு தட்டு நசுங்கியிருக்கும். கல்யாணத்துக்கு முன்பே நசுங்கியது” என்றார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். நசுங்கல் இருந்தது. வேர் ஓடிய இடத்துக்குச் சற்றே தள்ளி, நான் தொடாத பகுதியில். அதற்குப் பக்கத்தில் எத்தனை முறை தூரிகையைக் கொண்டுபோனேன் என்பதை அத்தையிடம் சொல்லவில்லை.

இரண்டாவது ரோலின் நெகட்டிவ் கிடைக்கவில்லை. அதில் ஒரு படம், ஆச்சி தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிப்பது. எடுத்தவர் கை ஆடியிருக்கிறது, சிடி படம் மட்டுமே மிச்சம். கோட்டை எடுத்தேன், நிறப் பொடியை அடக்கினேன், சுவரின் பச்சையைக் குறைத்தேன், அவ்வளவுதான். 1536 பிக்சலை ஆறு அங்குலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 256. நாலுக்கு ஆறில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அத்தை அதை ரேஷன் கார்டு வைக்கும் உறைக்குள் சொருகிக்கொண்டார்.